பின் ஜன்னலுக்கு ஒரு பட்டன்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அவரை, அவர் வேலை செய்யும் கட்டடங்களில் எல்லோரும் ‘பட்டன்’ என்றே கூப்பிடுவார்கள். அழுத்தியும் எரியாத பட்டனைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும். விருந்துக்குப் போன வீட்டில், ஊமையாகிப்போன காலிங்பெல்லைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்த மனிதர். அப்பேர்ப்பட்டவர் வாங்கிய கார், அந்த மாடலிலேயே விலை குறைந்த கடைசி ரகம். பட்டன் இருக்க வேண்டிய இடங்களிலெல்லாம் வெறும் பிளாஸ்டிக் மூடிகள். ஜன்னலை இறக்கக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது என்றாள் மனைவி. மாமியார் வரும்வரை அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பக்கவாதத்தில் இடது கை சோர்ந்துபோன அம்மாவை மனைவி தங்களோடு அழைத்து வந்துவிட்டாள். வாரந்தோறும் பிசியோதெரபிக்குக் காரில் கூட்டிப்போக வேண்டும். காற்று இல்லாவிட்டால் மாமியாருக்குக் குமட்டும். ஆனால் வாய் திறந்து சொல்லமாட்டார். மாப்பிள்ளையிடம் எதையும் கேட்டுப் பழகாதவர். ஒருநாள் பட்டன் ஓட்டிக்கொண்டே, பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியில் பார்த்தபோது, மாமியார் வலது கையை உடம்புக்குக் குறுக்கே நீட்டி, இடப்பக்கக் கதவின் கைப்பிடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பாதிச் சுற்றுக்கு மேல் வரவில்லை. பட்டன் பார்க்காததுபோலத் தன் ஜன்னலை முழுசாக இறக்கிவிட்டார்.

அடுத்த விடுமுறைக்கே பழைய கார் உடைக்கும் இடத்துக்குப் போய்விட்டார். அதே மாடல், உயர்ந்த ரகம், மூக்கு நசுங்கிக் கிடந்தது. பின் கதவுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜன்னல் மோட்டாரையும் ஸ்விட்சையும் கழற்றிக்கொண்டு வந்தார்.

கதவின் உட்பலகை தரையில் கிடப்பதைப் பார்த்து மனைவி பதறினாள். “என்னங்க, ஓடற வண்டியை எதுக்குப் பிரிச்சுப் போட்டிருக்கீங்க? திரும்ப மாட்டத் தெரியுமா?”

“லிஃப்டையே ஏத்தி இறக்கறேன். ஒரு கண்ணாடி எனக்கு அடங்காதா?”

முன்சீட்டுகளுக்கு நடுவே இருந்த மூடியைப் பெயர்த்தபோது, உள்ளே டேப் சுற்றிய பிளக் ஒன்று சும்மா தொங்கியது. எல்லா ரகத்துக்கும் ஒரே மாதிரி வயர்களைப் போட்டுவிட்டு, ஸ்விட்சை மட்டும் கம்பெனி போடாமல் விட்டிருக்கிறது. ஒளித்து வைத்த மிட்டாயைக் கண்டெடுத்த பிள்ளைபோல அவர் தனியாகச் சிரித்தார். ஆனால் அந்த வயர்கள் கதவுக்கு முன்பே நின்றுவிட்டன. அங்கிருந்து கதவுக்குள் அவரே வயர் இழுத்தார். மோட்டாருக்கான மின்சாரத்தை, அவசரத்தில், போன் சார்ஜ் போடும் இடத்திலிருந்தே எடுத்துவிட்டார்.

மாமியாரின் வலது கைக்கு எட்டும்படி நடுவில் ஸ்விட்ச். அவர் அழுத்தினார், கண்ணாடி முனகிக்கொண்டே இறங்கியது. ஏற்றினார். மறுபடி இறக்கினார். பேட்டரி தீர்ந்துவிடும் என்று மகள் சொல்லும்வரை விடவில்லை.

அந்தச் சந்தோஷத்துக்கு யார் கண் பட்டதோ, ஒருநாள் பாதி வழியில் மழை கொட்டியது. மனைவி போனுக்குச் சார்ஜ் போட்டிருந்தாள்; பின்னால் மாமியார் ஸ்விட்சை அழுத்தினார். இரண்டையும் சேர்த்துத் தாங்காமல் ஃபியூஸ் போய்விட்டது. கண்ணாடி பாதியில் நின்றது. மாமியார் காருக்குள் குடையை விரித்துக்கொண்டார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பட்டன் தன்னையே திட்டிக்கொண்டார். வேலையிடத்தில் வேறு யாராவது இப்படி வயர் இழுத்திருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். நனைந்த தோளோடு பிசியோதெரபிக்கு உள்ளே போன மாமியாரோ, தன் மாப்பிள்ளை சொந்தக் கையால் போட்ட ஜன்னல் என்று அங்கிருந்தவர்களிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற பட்டனுக்குத் தலை நிமிரவில்லை.

மறுநாளே பேட்டரியிலிருந்து தடித்த வயர், தனி ஃபியூஸ் என்று முறையாகச் செய்ய உட்கார்ந்தார். மாமியார் மெல்ல நடந்து வந்து பக்கத்தில் நின்றார்.

“மாப்பிள்ளை, அந்த ஸ்விட்சைக் கதவுல வைக்க முடியுமா?”

“அது உங்க இடது கைப் பக்கம், அத்தை. கஷ்டமா இருக்குமே.”

“தெரியும். நல்ல கைக்கு எட்டுற மாதிரி இருந்தா அதுவே முந்திக்குது. இந்தக் கைக்கு வேலையே இல்லாமப் போச்சு.”

அவரிடமிருந்து வந்த முதல் கோரிக்கை அது. பட்டன் மறுபடி பழைய கார் உடைக்கும் இடத்துக்குப் போய், ஸ்விட்சுக்கு இடம் விட்ட கதவுப் பலகையையே வாங்கி வந்து மாட்டினார்.

இடது கை விரல் லேசில் வழிக்கு வரவில்லை. முன் ஜன்னல் காற்றிலேயே போய் வந்தார்கள். உதவி செய்ய மனைவி பின்னால் திரும்பும்போதெல்லாம், பட்டன் வேண்டாம் என்று தலையசைத்தார். பின்சீட்டில் மாமியார் உதட்டைக் கடித்துக்கொண்டு முயன்றுகொண்டே வருவார்.

ஒரு காலையில், சிக்னலில் நின்றபோது, பின்னாலிருந்து மோட்டார் முனகும் சத்தம் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. காற்று புகுந்து மனைவியின் தலைமுடியைக் கலைத்தது. இனி தலை வாரிக்கொண்டு கிளம்புவதே தண்டம் என்று அவள் முணுமுணுத்தாள். கலைந்த முடியை மட்டும் ஒதுக்கிக்கொள்ளவில்லை. பச்சை விழுந்ததைப் பட்டன் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்துத்தான் அவரைக் கிளப்பின.

அதன்பிறகு மாமியாருக்குக் கூச்சம் விட்டுப்போயிற்று. உயர்ந்த ரகத்தில் பின்சீட்டுக்குப் படிக்கிற லைட் உண்டாமே என்று இப்போது கேட்டிருக்கிறார்.