பலகை வண்டிக்குள் போன தண்ணீர்

ஸ்ரீரங்கத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது என் தொழில். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. ஆட்களிடம் பேச வேண்டிய வேலை என்றால் இன்றும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலை, அம்மா மண்டபம் படித்துறையில் கற்பூரமும் திரியும் விற்பவர் தன் வண்டியைக் கொண்டுவந்தார். அவருக்குத் தொடைக்குக் கீழே இரண்டு கால்களும் இல்லை. வண்டி என்பது பேட்டரியில் ஓடும் ஒரு ஸ்கேட்போர்டு. வெளிநாடு போன கல்லூரி மாணவர் ஒருவர் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அதன்மேல் ரப்பர் மெத்தை ஒட்டி உட்கார்ந்து, ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு போவார். முன்சக்கரத்தில் பேரிங் தேய்ந்திருந்தது.

"நாளன்னைக்கு வந்து எடுத்துக்கிறேண்ணே. ஐப்பசி பொறந்தா துலா ஸ்நானம்னு காவிரியில குளிக்கக் கூட்டம் வந்துடும். இது இல்லாட்டி எனக்குப் பொழப்பே இல்ல" என்றார். அவருடைய மைத்துனர் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார்.

பேரிங்கை மாற்றிவிட்டேன். மாலையில் பூஜைக்காகக் கடையைக் கழுவினேன். மோட்டார்களை உலர்ந்த துணியால்தான் துடைப்பேன். வண்டி என்றால் ஹோஸ் பிடித்துவிடுவேன். என் சைக்கிளைக் கழுவினேன், தள்ளுவண்டியைக் கழுவினேன், அந்தக் கையோடு அவருடைய பலகை வண்டியையும் கவிழ்த்துப் போட்டுக் கழுவினேன். முப்பது வருடம் மோட்டாரைத் தொட்டவனுக்கு, அது அவருடைய வண்டி என்பதுதான் அப்போது மனதில் இருந்தது. அடியில் மோட்டாரும் அதை இயக்கும் கன்ட்ரோலரும் இருப்பது தோன்றவே இல்லை. மறுநாள் அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன்.

அவர் வந்து பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அட, என் வண்டிக்கும் பூஜையா! நம்மளையும் ஒரு ஓனரா மதிச்சிருக்கீங்களேண்ணே!"

ஏறி உட்கார்ந்து ரிமோட்டை அழுத்தினார். சக்கரம் ஒரு தரம் உதறி நின்றது. கருகல் வாடை வந்தது.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும், ஒன்றும் தெரியாதவனைப் போல ஒவ்வொன்றாகச் சோதித்தேன். பேட்டரியில் மீட்டரை வைத்தேன், நிறைவாக இருந்தது. மோட்டாரின் மூன்று ஒயர்களையும் கழற்றி, இரண்டை மட்டும் முறுக்கிச் சேர்த்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். பிடித்துப் பிடித்துச் சுற்றியது. காயில் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மிச்சம், நடுவில் இருக்கும் கன்ட்ரோலர் பெட்டிதான். திறந்தேன். மூடியின் உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர். மோட்டாருக்குக் கரண்ட்டைத் திறந்து மூடும் மாஸ்பெட் ஒன்று வெடித்திருந்தது.

அவரும் எட்டிப் பார்த்தார். "தண்ணியாண்ணே அது? போன வாரம் மழையில மாட்டிக்கிட்டேன். ரோட்டுல கணுக்கால் அளவுதான் தண்ணி. எனக்குத்தான் கணுக்காலே இல்லையே, இடுப்புக்கு வந்துடுச்சு!" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அதுதானா?"

தலையாட்டினேன்.

"அப்புறமும் ஒரு வாரம் ஓடுச்சேண்ணே."

"தண்ணி மெல்லத்தான் அரிக்கும்" என்றேன். அன்று நான் அவரிடம் முழுதாகப் பேசிய வாக்கியம் அது ஒன்றுதான்.

மலைக்கோட்டைக்குக் கீழே இருக்கும் கடையில் மாஸ்பெட் வாங்கிவந்து ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். சக்கரம் ஓடியது. கும்பிடத் தோன்றியது. அரை நிமிடத்தில் நின்றுவிட்டது. இந்த முறை பக்கத்தில் இருந்த சின்னச் சிப் தொட முடியாமல் கொதித்தது. பெட்டியைச் செய்த கம்பெனிக்காரர்களே அதன்மேல் இருந்த எழுத்தைச் சுரண்டி விட்டிருந்தார்கள். என்னைப் போல எழுத்துக் கூட்டிப் படிப்பவனுக்கு மட்டுமல்ல, யாருக்குமே அதில் படிக்க ஒன்றும் இல்லை.

"நம்பர் இல்லாம எதைக் குடுக்கிறது? சோழி உருட்டியா பார்க்க முடியும்?" என்றார் மலைக்கோட்டைக் கடைக்காரர். பேட்டரி ஸ்கூட்டரின் கன்ட்ரோலர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். பலகைக்கு அடியில் அடங்கவில்லை. பத்து நாள் போய்விட்டது. தினமும் கழற்றினேன், தினமும் மூடினேன். கடைசியில் மைத்துனர் வந்து பலகையைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஐப்பசி முதல் நாள், எப்படியும் சொல்லிவிடுவது என்று படித்துறைக்குப் போனேன். அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் வேறு ஒரு அம்மா கடை போட்டிருந்தார். மைத்துனர் வீடு வீடாகப் பால் ஊற்றி முடித்து, அவரைப் பைக்கில் கொண்டுவந்து இறக்குவதற்குள் இடம் போய்விட்டதாம். அவர் செருப்புகள் குவிந்த மூலையில் உட்கார்ந்திருந்தார். குளித்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சொன்னேன். மழை இல்லை, பூஜைக்கு நான்தான் கழுவினேன் என்று.

கொஞ்ச நேரம் கற்பூரப் பொட்டலங்களையே அடுக்கிக்கொண்டிருந்தார். "அப்ப மழை இல்லையா?" என்று கேட்டார். மறுபடியும் அதையே கேட்டார்.

"இல்லங்க."

"மழையில ஓட்டாத ஓட்டாதன்னு சொன்னேனே, கேட்டியான்னு என் பொண்டாட்டி தெனம் திட்டுறா. நானும் வாயத் தொறக்கல. நம்ம தப்புதானேன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன்." என்னை நிமிர்ந்து பார்த்தார். அண்ணே என்று கூப்பிடவில்லை. "நீங்களே வந்து அவகிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா."

வருகிறேன் என்றேன்.

இரண்டு தடவை அவர்கள் தெருமுனை வரை போனேன். ஒரு தடவை அவர் மனைவி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். கார்த்திகை பிறந்துவிட்டது. இன்னும் சொல்லவில்லை.