கிரிவலப் பாதையில் புது ஷூ

அடி அண்ணாமலை அருகே எல்லாரும் வெறுங்காலோடு கிரிவலம் போய்க்கொண்டிருக்க, அந்தப் பெண் மட்டும் புதுக் கறுப்பு ஷூவோடு நடந்தாள். வெள்ளை சாக்ஸில் ரத்தம் கசிந்திருந்தது. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை குனிந்து, லேஸை இன்னும் இறுக்கிக் கட்டினாள்.

“ஏம்மா, சாமி பாதையில ஷூவா? கழட்டு” என்று அதட்டினேன்.

“கழட்ட மாட்டேங்க. திங்கக்கிழமை காலேஜ் ஹாஸ்டலுக்குப் போறேன். மூணு சுடிதார், இந்த ஒரு ஷூ, அவ்ளோதான் எடுத்துனு போறேன். இதுக்கு முன்னாடி நான் ஷூவே போட்டதில்ல.”

“ரத்தம் வருதேம்மா.”

“வரட்டுங்க. அங்க யார் முன்னாடியும் நொண்டக் கூடாது. நொண்ட வேண்டியத இங்கயே நொண்டிட்டுப் போறேன்.”

நொண்டிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாள். மலையைப் பார்த்து நடக்க வந்த நான், மீதித் தூரமும் அந்தக் கால்களைப் பார்த்தே நடந்தேன்.