சித்தி ஓட்டி வந்த கல்யாண பஸ்

என் சித்தி தன்னுடைய கல்யாணத்துக்குத் தானே பஸ் ஓட்டிக்கொண்டு போனார். இதைச் சொன்னால் இன்றைக்கும் பலர் நம்புவதில்லை. நான் அந்த பஸ்ஸில் இருந்தேன். மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பட்டுப்பாவாடை கசங்கிவிடும் என்று அம்மா என்னைக் கட்டிலின் நுனியில் உட்கார வைத்திருந்தார்.

ஆமாம், பஸ்ஸுக்குள் கட்டில். அம்மாவின் தங்கையான சித்தி, செனாய் பக்கம் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். கம்பெனி ஒரு பழைய பஸ்ஸைக் கழித்துக் கட்டியபோது அதைத் தானே வாங்கிக்கொண்டார். சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து அதை வீடாக்கிவிட்டார். பள்ளி விடுமுறை வந்தால் மெர்சிங், எண்டாவ் என்று எங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

வண்டி எங்கேயாவது நிற்காமல் நாங்கள் ஓர் ஊருக்கும் போய்ச் சேர்ந்ததில்லை. சித்தி அதற்காகக் கலங்கியதும் இல்லை. ஓரமாக நிறுத்துவார். தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவார். எல்லாருக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்த பிறகுதான் எங்கே கோளாறு என்று குனிந்து பார்ப்பார். "இஞ்சின் சூடும் ஆறணும், நம்ம சூடும் ஆறணும்" என்பார். எண்டாவில் ஒரு முறை ஏதோ சாமான் வருவதற்காக நாள்கணக்கில் காத்துக் கிடந்தோம். பக்கத்துக் கம்பத்துக் கிராமத்து மலாய்ப் பிள்ளைகளோடு சேர்ந்து நான் நீச்சல் கற்றுக்கொண்டது அப்போதுதான். சாமான் வந்து சேர்ந்த அன்று நான் அழுதேன்.

சித்திக்கு நாற்பது நெருங்கும்போதுதான் அந்த வரன் வந்தது. மாப்பிள்ளைக்குக் காஹாங் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில், லோரிகளை எடை போடும் இடத்தில் வேலை. ஒல்லியாக, நெடுநெடுவென்று இருந்தார். வாய் திறந்து பேச மாட்டார். பாலோவில் எங்கள் வீட்டில் நிச்சயம் பண்ணிய அன்று அவருடைய அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்:

"கல்யாணத்துக்கு அப்புறம் அந்த பஸ்ஸ வித்துடலாம்லா. பொம்பளப் புள்ள ரோட்டு ரோட்டா நின்னுக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கு?"

சித்தி மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தன் கோப்பையைப் பார்த்துக் கலக்கிக்கொண்டே இருந்தார். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அன்று மாலையே சித்தி அம்மாவிடம் சொல்லிவிட்டார், கல்யாணத்துக்குத் தன் வண்டியில்தான் வருவேன் என்று.

கல்யாணம் காஹாங் கோவிலில். அப்பா தாம்பூலத் தட்டுகளோடு முன்கூட்டியே போய்விட்டார். பெரிய மாமாவும் அத்தையும் காரில் எங்களுக்குப் பின்னால் வந்தார்கள். சித்தி கூறைப் புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, கை நிறைய மருதாணியோடு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். பக்கத்தில் அம்மா சித்தியின் பூச்சடையைக் கலையாமல் கையில் ஏந்திக்கொண்டு வந்தார்.

குளுவாங்கைத் தாண்டினோம். இரண்டு பக்கமும் செம்பனை. திடீரென்று முன்பக்கத்தில் டப்பென்று ஒரு சத்தம். வெள்ளையாக ஆவி கிளம்பிக் கண்ணாடியை மூடிவிட்டது. சித்தி வண்டியை ஓரங்கட்டினார்.

மாமா காரிலிருந்து இறங்கி ஓடிவந்தார். "அலமாக்! நான் அப்பவே சொன்னேன்ல! வா, கார்ல ஏறு. நல்ல நேரம் போயிடும்."

"இருங்கண்ணே, என்னன்னு பாக்குறேன்" என்ற சித்தி, அம்மாவிடம் அடுப்பை மூட்டச் சொன்னார். புடவையோடு குனிந்து சக்கரத்தின் பக்கமாக எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். ரேடியேட்டருக்கு அடியில் இருக்கும், தண்ணீர் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்துவிட்டது. என்னைக் கூப்பிட்டு, கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டியிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துவரச் சொன்னார்.

பெட்டியைத் திறந்தேன். ஸ்குரூ டிரைவருக்குப் பக்கத்திலேயே, பிளாஸ்டிக் பையில், வளைவான கறுப்பு ஹோஸ் ஒன்று புதிதாக இருந்தது. எனக்கு ஒரே பெருமை. கேட்காமலேயே அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஓடினேன். சித்தி பஸ் படியிலேயே என்னை மறித்தார். ஸ்குரூ டிரைவரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"அத எடுத்த எடத்துலயே வச்சிடு கண்ணு. நீ ஒண்ணும் பாக்கல. சரியா?"

சரி என்று தலையாட்டினேன். பெட்டியில் வைத்து மூடினேன். வெளியே வந்தபோது சித்தி போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"நான்தான். வண்டி நின்னுடுச்சு. ரேடியேட்டர் கீழ் ஹோஸ். லோரி சாமான் கடையில கெடைக்கும். நீங்க வாங்கிட்டு வர முடியுமா?" பஸ்ஸின் மாடலைச் சொன்னார். சித்தி போனைக் காதிலேயே வைத்திருந்தார். பிறகு கீழே இறக்கினார். "சரின்னு சொன்னாரு" என்றார்.

அத்தை தலையில் கையை வைத்துக்கொண்டார். "கல்யாண மாப்பிள்ளைய ஹோஸ் வாங்க அனுப்புவாங்களா யாராச்சும்? உங்கிட்ட வேற ஒண்ணு இல்லையா?"

"இருந்தா எதுக்குண்ணி கூப்பிடப் போறேன்?"

நான் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

ஆளுக்கொரு கோப்பை தேத்தண்ணியோடு சாலையோரம் நின்றோம். அப்பா கோவிலிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். குருக்கள் அவசரப்படுகிறார் என்றார். அடுத்த முறை கூப்பிட்டபோது குரலைத் தாழ்த்திக்கொண்டு, மாப்பிள்ளையைக் காணோம், அவர்கள் வீட்டில் ஒரே ரகளை என்றார். மாமா இரண்டு தடவை காரை ஸ்டார்ட் பண்ணிக் கதவைத் திறந்து வைத்தார். சித்தி ஏறவில்லை. காஹாங் பக்கமிருந்து வரும் ஒவ்வொரு வண்டியையும் பார்த்துக்கொண்டு நின்றார். கோப்பையில் தேத்தண்ணி அப்படியே இருந்தது. சித்தி தேத்தண்ணி குடிக்காமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வளைவில் ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிள் வந்தது. பட்டு வேட்டி காற்றில் படபடக்க, நெற்றியில் சந்தனம், தலையில் ஹெல்மெட். கழுத்தில் மாலை போடவேண்டிய இடத்தில் கறுப்பு ஹோஸ் தொங்கியது. மாப்பிள்ளை!

"கார் முன்னாடி எல்லாரும் வண்டிய நிறுத்தி வச்சிருந்தாங்க" என்றார் மூச்சு வாங்க. "அதான் தம்பி மோட்டார எடுத்துட்டு வந்துட்டேன். லேட்டா?"

"இல்ல" என்றார் சித்தி.

மாமா தான் பார்ப்பதாகச் சொல்லிக் கையை நீட்டினார். மாப்பிள்ளை ஹோஸைக் கொடுக்கவில்லை. "என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்று சித்தியிடம் கேட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு அடியில் நுழைந்துவிட்டார். அவருக்கு ஒரு திருகாணியை இறுக்கக்கூடத் தெரியாது என்பது உடனே தெரிந்துபோனது.

"கிளிப்ப லூஸ் பண்ணுங்க. இடது பக்கம்."

"எந்த இடது? படுத்திருக்கேன்லா."

"உங்க வாட்ச் கை பக்கம்!"

"வாட்ச் கட்டலையே!"

நிச்சயத்தில் ஒரு வார்த்தை பேசாத மனிதர் பஸ்ஸுக்கு அடியிலிருந்து ஓயாமல் பேசினார். சித்தி பூச்சடையைத் தோளில் போட்டுக்கொண்டு மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். அடியில் மிச்சமிருந்த தண்ணீர் கொட்டியது. அவர் "ஐயோ" என்றார், சித்தி சிரித்தார். ஹோஸ் மாட்டித் தண்ணீர் ஊற்றியபோது ஒழுகியது. அத்தை பிள்ளையாரைக் கூப்பிட்டார். மாப்பிள்ளை மறுபடியும் உள்ளே போய், பல்லைக் கடித்துக்கொண்டு கிளிப்பை இறுக்கினார். இந்தத் தடவை ஒரு சொட்டுக்கூட இல்லை. சித்தி இஞ்சினைப் போட்டார். பஸ் உறுமியது. மாமாவே கைதட்டினார்.

மாமாவும் மாப்பிள்ளையும் கப்சாயைத் தூக்கி பஸ்ஸுக்குள் ஏற்றினார்கள். ஸ்குரூ டிரைவரை எங்கே வைப்பது என்று மாப்பிள்ளை என்னைக் கேட்டார். நான் யோசிக்காமல் கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டிவிட்டேன். அவர் பெட்டியைத் திறந்த பிறகுதான் எனக்கு அந்த ஹோஸ் ஞாபகம் வந்தது.

ஹோஸ் அவர் கண் முன்னால் கிடந்தது. அவர் குனிந்தபடியே டிரைவர் சீட்டுப் பக்கம் திரும்பிச் சித்தியைப் பார்த்தார். ஸ்குரூ டிரைவரை அந்த ஹோஸ் மேலேயே வைத்துப் பெட்டியை மூடினார். முன்னால் போய்ச் சித்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "கடையில ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. நல்ல வேள, கெடைச்சிச்சு" என்றார். ஏனோ அவர் முகமெல்லாம் சிரிப்பு.

கோவில் வாசலுக்கு வந்ததும் சித்தி ஹார்னை அழுத்தினார், கையை எடுக்கவே இல்லை. நாதஸ்வரக்காரர்கள் பதறிப்போய் வாசிக்கத் தொடங்கினார்கள். ஓடிப்போனதாக ஊரே பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளை பெண்ணோடு ஒரே பஸ்ஸிலிருந்து இறங்கியதைப் பார்த்துக் கூட்டம் 'ஓ' என்று கத்தியது. அவருடைய அம்மா மகனின் வேட்டியைப் பார்த்தார். கறுப்பும் செம்மண்ணுமாக இருந்தது.

"என்னய்யா இது கோலம்? இதுக்குத்தான் அந்த பஸ்ஸ வித்துடச் சொன்னேன்!"

"விக்க வேணாம்மா" என்றார் மாப்பிள்ளை, எல்லாருக்கும் கேட்கும்படி. "இப்பதான் வேல பழக ஆரம்பிச்சிருக்கேன்."

வேட்டி மாற்ற நேரமில்லை. அந்தக் கறையோடுதான் மணையில் உட்கார்ந்தார். நல்ல நேரம் முடியும் முன்பே தாலி ஏறிவிட்டது. அட்சதை தூவிய என் அம்மா ஒரே சமயத்தில் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார். சாப்பாடு முடிந்ததும் சித்தியும் சித்தப்பாவும் அதே பஸ்ஸில் மெர்சிங் பக்கம் கிளம்பினார்கள். கண்ணில் மறையும் வரை ஹார்ன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது அப்பாவின் காரில் நான் பேசாமல் இருந்தேன். என்ன யோசனை என்று அப்பா கேட்டார். பெட்டியில் கண் முன்னால் கிடந்ததைக்கூடப் பார்க்காதவரோடு போன சித்தியை நினைத்துத்தான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

"சித்தப்பாவுக்குக் கண்ணே சரியாத் தெரியலப்பா" என்றேன். "பாவம், சீக்கிரமா ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்க."