அப்பாவின் தலைமாடு

அடையாறில் ஒரு முதியோர் இல்லத்தில் அப்பாவைச் சேர்த்த அன்று, கட்டிலின் தலைமாடு வடக்கே இருந்தது எனக்கு உறுத்தியது. திருப்பிப் போடச் சொன்னேன்.

"பெல்லு இந்தச் சுவத்துலதான் கீதும்மா. திருப்பிட்டா சாருக்குக் கை எட்டாது," என்றார் அங்கிருந்த ஆயா.

"வடக்கே தலை வெச்சுப் படுக்கக் கூடாது," என்று சொல்லி, நானே கட்டிலை இழுத்துத் திருப்பினேன்.

பத்தாம் நாள் மதியம் அப்பாவுக்குத் தலைசுற்றியிருக்கிறது. பெல்லை அழுத்த எழுந்தவர் விழுந்துவிட்டார். காபி கொண்டுவந்த ஆயாதான் பார்த்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

"கைய நீட்டிப் பாத்தேம்மா, எட்டலை," என்றார் அப்பா.

அறையைக் கட்டியவர்கள் யோசித்துத்தான் பெல்லை அங்கே வைத்திருக்கிறார்கள். கட்டிலை மறுபடி வடக்கே திருப்பிவிட்டேன். போகும்போதெல்லாம் முதலில் பெல்லை அழுத்திப் பார்க்கிறேன். புரண்டு படுக்கவும் அப்பா இனி அதைத்தான் அழுத்த வேண்டும்.