கை நனைக்காத வீடு

செய்தி குமரனின் சொந்த ஊரான சிங்கவரத்திலிருந்து வரவில்லை, பாஸ்கரிடமிருந்துதான் வந்தது. “அக்கா, குமாரு போயிட்டான்கா. மாரு வலிக்குதுன்னான். ஆட்டோ கூப்புடறதுக்குள்ள…” அன்று காலையில்தான் ஒரு வசனத்துக்காக என்னோடு போனில் சண்டை போட்டிருந்தான் குமரன். போடா, இதெல்லாம் ஒரு விளையாட்டா என்று கையிலிருந்த போனைப் பார்த்துக் கத்தினேன்.

குமரனை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நானும் அவனும் சேர்ந்து திரைக்கதை எழுதினோம். பாஸ்கர், செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை எடை போடுகிறவன், குமரனின் துணை. செஞ்சியில் ஒரு வாடகை வீட்டில் இருவரும் பல வருஷமாகக் குடும்பம் நடத்தினார்கள். ஊர் அதற்கு வைத்த பெயர் ‘ரூம்மேட்டு’. ஊருக்கு வேறு என்ன தெரியும்?

ஆணை விரும்பும் ஆண் வருகிற படம் எது வந்தாலும் குமரன் முதல் நாளே பார்த்துவிட்டு எரிச்சலோடு வருவான். “இண்டர்வெல் வரைக்கும் நம்மாளுங்கள கிண்டல் பண்றாங்க, கிளைமாக்ஸ்ல கொன்னுடறாங்க. நம்ம படத்துல ஒருத்தனும் சாவக் கூடாதுக்கா. எல்லாரும் கல்யாணச் சாப்பாடு சாப்ட்டுட்டுதான் வீட்டுக்குப் போவணும்” என்பான். அப்படிச் சொன்னவன்தான் நாற்பத்தோரு வயதில் போய்விட்டான்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், மனசுக்குப் பிடித்துப்போகும் வரை யாரும் கை நனைக்க மாட்டார்கள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று பொருள். குமரன் ‘நைனா’ என்று கூப்பிடும் அவன் அப்பா இந்த வழக்கத்தை மகன் வீட்டில் விடாப்பிடியாகக் கடைப்பிடித்தார். நெல் போட மார்க்கெட்டுக்கு வந்தால் பாஸ்கரோடு சிரித்துப் பேசுவார், டீ கூட வாங்கித் தருவார். வீட்டுக்கு வந்தால் மட்டும் வாசற்படியோடு சரி. கையில் சொந்தத் தண்ணீர் பாட்டில் வேறு.

“வெயில்ல வந்துருக்கிற, மோராவது குடி நைனா.”

“வயிறு சரியில்லடா.”

“ஊரெல்லாம் நல்லாருக்கிற வயிறு என் வீட்டு வாசல்ல மட்டும் கெட்டுப்போவுதுக்கா” என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பான். ஆனால் அவர் வருகிறார் என்று தெரிந்தால் விடிந்ததும் கருவாட்டுக் குழம்பு வைத்துவிடுவான். அவருக்கு அது உயிர். அவர் போன பிறகு இவர்கள் இருவரும் உட்கார்ந்து அதைச் சாப்பிடுவார்கள். ஒரு நாள் அவனே வாய்விட்டுச் சொன்னான்: “எனக்கு வேற ஒண்ணும் வேணாம்கா. உள்ள வந்து உக்காந்து ஒரு கை சோறு சாப்ட்டா போதும்.”

அதையே படமாக எழுதினான். கதாநாயகனின் அப்பா, மகன் காதலிக்கிறவனின் வீட்டுக்குச் சண்டை போடப் போகிறார். கோபத்தில் கத்திக்கொண்டே, எதிரே இருக்கும் வடைத் தட்டைத் தன்னை அறியாமல் காலி செய்துவிடுகிறார். பக்கத்து வீட்டு அம்மா, “சம்பந்தி கை நனைச்சிட்டாருடோய்!” என்று தெருவுக்கே சொல்லிவிடுகிறாள். அந்தச் சின்னப் படத்தைச் செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டுக் காட்டினோம். நைனா வந்திருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து சிரித்தார், நான் பார்த்தேன். படத்தில் தட்டு காலியானதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். “சிரிச்சாரு இல்லக்கா? நீ பாத்தல்ல?” என்று குமரன் என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டான். கண் கலங்கியிருந்தது.

சாவுச் சடங்கு சிங்கவரத்து வீட்டில் நடந்தது. பங்காளிகள், மாமன் மச்சான்கள் எல்லோருக்கும் அங்கே ஒரு முறை இருந்தது, ஒரு வேலை இருந்தது. பாஸ்கர் மார்க்கெட் ஆட்களோடு ஷாமியானாவுக்கு வெளியே வெயிலில் நின்றான். யாரும் அவனை உள்ளே கூப்பிடவில்லை.

காரியம் முடிந்து சில நாட்கள் கழித்து, பாஸ்கர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டு, செஞ்சி வீட்டுக்கு நானே போய்ச் சமைத்துக்கொண்டிருந்தேன். நைனா வந்தார். பாட்டில் இல்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேரே உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்.

“சோறு இருக்குதா?”

பாஸ்கர் இலை போட்டான். பெரியவர் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, தலை நிமிராமல் கேட்டார்: “அன்னிக்கி படத்துல நான் பாதியில எழுந்து வந்துட்டேன். அந்தாளு சாப்ட்டப்புறம் இன்னா ஆவுது?”

பாஸ்கர் அதுவரை அவரை முறை வைத்துக் கூப்பிட்டதே இல்லை. “ரெண்டு பேரும் நல்லாருப்பாங்க நைனா. கடைசி வரைக்கும்.”

பெரியவரின் கை இலையிலேயே நின்றுவிட்டது. அவன் உசுரோட இருக்கும்போது இந்த ஒரு கை சோத்தைச் சாப்ட்டிருந்தா இன்னா கொறைஞ்சிருப்ப என்று கேட்க வாயைத் திறந்தேன். நான் எழுதுகிற வசனங்களில் இந்த மாதிரிக் கேள்விகளைத்தான் குமரன் எப்போதும் அடித்துவிடுவான். “வூட்டுக்குள்ள வந்தவர தல குனிய வெச்சி அனுப்பக் கூடாதுக்கா” என்பான். அன்று காலை போனில் நாங்கள் போட்ட சண்டையும் அதற்காகத்தான்.

அந்தக் கேள்வியை விழுங்கிவிட்டேன். அவனிடமிருந்து நான் கற்று வைத்துக்கொண்டது அவ்வளவுதான். கரண்டியை எடுத்துக்கொண்டு குனிந்து, “ரசம் ஊத்தட்டுமா பெரிப்பா?” என்றேன்.