பரிஸில் இறங்காத பயணம்

ஸ்காபரோ பிளாசாவில் பயண முகவர் அன்ரியின் கடை. வெளியே பனி கொட்டுகிறது. பிரான்சின் தெற்கே, வெயில் காயும் கடலோர நகரமான நீஸுக்கு இரண்டு விமான ரிக்கெற் கேட்கிறேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். என் உழைப்பில் அம்மாவைக் கூட்டிப்போகிறேன்.

"அங்க ஆர் இருக்கினம்?" என்கிறார் அன்ரி.

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப கலியாணமோ?"

"இல்லை அன்ரி. சும்மா கடல் பாக்க."

அன்ரி என் பக்கத்தில் இருக்கும் அம்மாவிடம் திரும்புகிறார். "பரிஸில உங்கட தங்கச்சி இருக்கிறா எல்லே? போகாட்டில் கோவிப்பா. நாலு நாள் அங்க நிண்டிட்டுப் போங்கோவன்."

எனக்குக் கிடைத்திருப்பதே ஒரு கிழமை லீவு, ஏழே நாள். அம்மாவோ கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் மட்டுமே விமானம் ஏறியவர். என்ன சொல்வாரோ என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா கையுறையைக் கழற்றுகிறார். "தங்கச்சி வீட்ட போனால் நான் குசினிக்குள்ள சமைச்சுக்கொண்டுதான் நிப்பன். நீங்கள் கடல் தெரியிற அறையாப் பாருங்கோ."