‘ஆனா’ வரைக்கும்தான் வாசிப்பேன்

பாடுகிறவர் மேடையில் இருப்பார், பாட்டுப் பிடிக்காதவர் டி-ஷர்ட் மேஜைக்கு வருவார். எங்கள் தொழிலின் மொத்த விதியும் இதுதான். கடை கவுண்டரிலோ கஸ்டமர் கேர் போனிலோ உட்கார்ந்து, யாரோ செய்த பொருளுக்காக முன்பின் தெரியாத ஆளிடம் திட்டு வாங்கியிருக்கிறீர்களா? அப்படியென்றால் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், நானும் அதே பெஞ்சுதான்.

நான் கலைச்செல்வி, வீடு தொம்மலூரில். பெங்களூரில் ஒரு பவர் மெட்டல் குழுவுக்கு டி-ஷர்ட் மேஜையையும் இணையப் பக்கத்தையும் பார்த்துக்கொள்கிறேன். குழுவின் பெயர் வேண்டாம். அதில் ஒரு வாளும் ஒரு கோட்டையும் உண்டு, அது போதும். பவர் மெட்டல் என்றால் என்ன என்று அம்மா கேட்டபோது சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: டிரம்ஸ் தலைதெறிக்க ஓடும், இரண்டு கிட்டாரும் அதைத் துரத்தும், பாட்டில் ராஜா, போர், டிராகன் எல்லாம் வரும், இத்தனைக்கும் மேலே ஒருவர் குரலை உச்சிக்குக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்தி வைப்பார். அந்த ஒருவர் எங்கள் ரூபன். ரிச்சர்ட்ஸ் டவுன்காரன். எனக்குத் தம்பி மாதிரி என்பதால் அவன் இவன் என்றுதான் எழுதுவேன்.

எங்கள் நான்காவது ஆல்பத்தில் வேகம் குறைந்தது, கீபோர்டு கூடியது, டிராகன் காணாமல் போனது. ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அந்த இரண்டு மாதத்தில் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

எதிர்க்கட்சி

ஆல்பம் வெளியீட்டு விழாவில் முதலில் வந்தவர் சேலத்துப் பையன் ஒருவர். ஐ.டி. வேலை, எங்கள் வீட்டுப் பக்கத்து பி.ஜி. விடுதியில்தான் தங்கியிருக்கிறார். மூன்று ஆல்பத்தின் டி-ஷர்ட்டையும் மாற்றி மாற்றிப் போட்டு ஆபீஸுக்கே போகிறவர். அன்றைக்கு மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, துக்க வீட்டில் விசாரிக்கிற குரலில் பேசினார்.

கீபோர்டு நன்றாக இருக்கிறதே என்று நான் இழுத்துப் பார்த்தேன். மனுஷர் மசியவில்லை. புது டி-ஷர்ட்டை விரித்துப் பார்த்தார். அதில் ஒரு ஏரியும் நிலாவும்தான் இருந்தன. பத்திரமாக மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“எட்டுப் பாட்டு இருக்குக்கா. ஒரு டிராகன்கூட சாகலையேக்கா.”

ஆளுங்கட்சி

திட்டாவது பரவாயில்லை. பாராட்டு இருக்கிறதே, அது இன்னும் மோசம். அதே விழாவுக்குத் தம்பியோடு துணைக்கு வந்த ஒரு பெண்மணி என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பழைய ஆல்பம் ஓடினால் வீட்டில் சண்டை வருமாம், புது ஆல்பத்தில் முன்கூட்டியே விட்ட மூன்றாவது பாட்டை மட்டும் தினமும் போடுகிறாராம். ரூபனுக்கு நேரில் நன்றி சொல்ல வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். நான் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் கை காட்டிச் சமாளித்து, மேஜை மேலிருந்த டப்பாவைக் காட்டி, எழுதிப் போடுங்கள் என்று சீட்டை நீட்டினேன். எழுதினார். ஐந்து பேர் கொண்ட போர்ப்படை ஒன்று வாளோடு வந்து கேட்க வேண்டிய வாக்கியமா அது?

“மூணாவது பாட்டு போட்டா என் பாப்பா அஞ்சே நிமிஷத்துல தூங்கிடறா, ரொம்ப தேங்க்ஸ்.”

டப்பா

அந்த டப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அது ஒரு பழைய ஷூ டப்பா. முதல் நிகழ்ச்சியிலிருந்தே மேஜையில் இருக்கிறது. ரசிகர்கள் தோன்றியதைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் எல்லாம் கலந்துகட்டி வரும். சனிக்கிழமை மத்தியானம் பிராக்டிஸ் ரூமில் குழு வட்டமாக உட்காரும், நான் ஒவ்வொன்றாக வாசிப்பேன். எங்கள் குழுவின் கோயில் பூஜை மாதிரி அது, ஒரு வாரம்கூட விட்டதில்லை.

மூன்றாவது ஆல்பத்தின்போது யாரோ ரூபனை ‘பிரஷர் குக்கர்’ என்று எழுதிவிட்டார். அவன் ஒரு வாரம் வீட்டை விட்டு வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. அதனால் இந்தத் தடவை, குழுவை நடத்துகிற கிட்டாரிஸ்ட் சந்தீப் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “ஸ்வல்ப பார்த்துப் படி கலை, அவன் மனசு தாங்காது” என்றார். ஸ்வல்ப என்றுதான் சொன்னார். கொஞ்சம். நான்தான் அதை மொத்தமாக எடுத்துக்கொண்டேன்.

ரொம்ப எளிது. ரசிகர்கள் நல்லவர்கள், எடுத்த எடுப்பில் திட்டமாட்டார்கள். ‘கிட்டார் அருமை’ என்று ஆரம்பித்து, ஒரு ‘ஆனா’ போட்டு, அதற்குப் பிறகுதான் உதைப்பார்கள். நான் ‘ஆனா’வுக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டு அடுத்த சீட்டை எடுத்துவிடுவேன். சேலத்தார் அந்த டிராகன் வருத்தத்தைச் சீட்டிலும் எழுதிப் போட்டிருந்தார், அது ‘எட்டுப் பாட்டையும் கேட்டேன்’ என்று முடிந்தது. பாப்பா தூங்கிய சீட்டு ‘மூணாவது பாட்டு எங்க வீட்டுக்கே நிம்மதி’ என்று ஆனது. கை கூசவில்லையா என்று கேட்காதீர்கள். முதல் வாரம் கூசியது, அப்புறம் பழகிவிட்டது. மூன்றாவது சனிக்கிழமை ரூபன் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, கண் பளபளக்கச் சொன்னான்:

“நம்ம ஆளுங்க எவ்ளோ நல்லவங்க கலைக்கா, ஒருத்தர்கூட ‘ஆனா’ன்னு எழுதல பாத்தியா?”

பெனடிக்ட் அண்ணனின் சீட்டு

விவேக் நகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார் பெனடிக்ட் அண்ணன். எங்கள் முதல் போஸ்டரே அவர் கடையில்தான் அடித்தோம். ஞாயிறு காலை சர்ச் பாடகர் குழுவில் பாடுவார், சாயந்திரம் எங்கள் நிகழ்ச்சியில், இன் பண்ணின அதே வெள்ளைச் சட்டையோடு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்பார். தலையாட்ட மாட்டார், கத்தமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு ரூபன் குரலை மட்டும் கேட்பார். அவர் நல்லா இருக்கு என்று சொன்னால் ரூபனுக்கு அன்றைக்குச் சோறே வேண்டாம்.

அவர் போட்ட சீட்டு இது. என்னிடம் இன்னும் இருக்கிறது: ‘பாட்டெல்லாம் நல்லா இருக்கு. ஆனா ரூபன் மேல போறப்ப குரல்ல காத்து கசியுது. அஞ்சாவது பாட்டு கடைசில குரல் ரெண்டா பிரியுது. அது ஸ்டைல் இல்ல, தொண்டைல ஏதோ கோளாறு. எங்க கொயர்ல ஒருத்தருக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. சீக்கிரம் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க.’

நான் என்ன வாசித்தேன் தெரியுமா? ‘பாட்டெல்லாம் நல்லா இருக்கு, பெனடிக்ட்.’ அவ்வளவுதான். ரூபன் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கித் தன்னிடமே வைத்துக்கொள்ளப் பார்த்தான். ஃபைலில் போடணும் என்று கொடுக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டேன். அண்ணன் அதையே இணையப் பக்கத்திலும் எழுதினார், அதையும் மறைத்துவிட்டேன். அடுத்த வாரம் அவரே மேஜைக்கு வந்து, சீட்டை ரூபன் பார்த்தானா என்று கேட்டார். பார்த்தான், ரொம்ப சந்தோஷப்பட்டான் என்று சொல்லிவிட்டேன். என் வாய்க்கு அதுதான் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“சந்தோஷப்பட்டானா? நான் எழுதினதுக்காம்மா?”

வெந்நீர் பிளாஸ்க்

இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு சனிக்கிழமை மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தபோது ரூபன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நாளாகவே கையில் வெந்நீர் பிளாஸ்க்கோடு திரிந்துகொண்டிருந்தான். மூடியைத் திருகிக்கொண்டே, குரலைப் பற்றி யாராவது ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று கேட்டான். காலையில் எழுந்தால் பேச்சே வரமாட்டேன் என்கிறது, மேலே போனால் ஏதோ தடுக்கிறது, தனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றுகிறதா, வெளியே கேட்கிறவர்களுக்கும் தெரிகிறதா என்று கேட்டான்.

டப்பா என் மடியில்தான் இருந்தது. பெனடிக்ட் அண்ணன் சீட்டு என் பைக்குள் இருந்தது. எடுத்துக் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அந்த ஒரு சீட்டைக் கொடுத்தால் மற்ற சீட்டெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்பானே! ‘ஒருத்தர்கூட ஆனான்னு எழுதல’ என்று சொன்னவன் முகத்தை எப்படிப் பார்ப்பது? அவன் மனசு தாங்காது என்றெல்லாம் அந்த நிமிஷம் நான் நினைக்கவே இல்லை. நான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் நினைத்தேன். அப்படி யாரும் எழுதவில்லை என்று அவனிடம் சொன்னேன். அவன் பெரிய பாரம் இறங்கியதுபோல மூச்சு விட்டான்.

“அப்போ எனக்குத்தான் வீண் பயம். வியாழக்கெழம டாக்டர்கிட்ட போறதா இருந்தேன், கேன்சல் பண்ணிடறேன்க்கா.”

அஞ்சாவது பாட்டு

அதற்குப் பதினைந்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நிகழ்ச்சி. நல்ல கூட்டம். சேலத்தாரும் வந்திருந்தார், பழைய டிராகன் டி-ஷர்ட்டில். அஞ்சாவது பாட்டின் கடைசியில் ரூபன் தலையை அண்ணாந்து மேலே போனான். குரல் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கீறல் சத்தம். அப்புறம் வாய் மட்டும் திறந்திருந்தது, ஒன்றுமே வரவில்லை. கூட்டம் அதையும் நடிப்பு என்று நினைத்துக்கொண்டு விசிலடித்துக் கைதட்டியது. சந்தீப் கிட்டாரை நீட்டி இழுத்துச் சமாளித்தார். ரூபன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு டிரம்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டான்.

நான் மடித்த டி-ஷர்ட்டைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் மேடைப் பக்கம் போனார்கள், பெனடிக்ட் அண்ணன் மட்டும் மேஜைக்கு வந்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஷூ டப்பாவை என் பக்கம் தள்ளி வைத்தார்.

“இப்பவாச்சும் முழுசாப் படிச்சுக் காட்டும்மா.”

முழு வாசிப்பு

குரல் நாணில் ரத்தம் கட்டியிருப்பதாக டாக்டர் சொன்னார். முன்பே வந்திருந்தால் சில நாள் ஓய்வோடு போயிருக்கும் என்றும், இப்போது மாதக் கணக்கில் பேசவே கூடாது, பழைய உச்சி திரும்ப வருமா என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். நான் நடந்ததைச் சொன்னபோது சந்தீப், “நான் சொன்னதாலதானே” என்றார். இல்லை, அவர் கொஞ்சம்தான் சொன்னார்.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் போனேன். ரூபன் அம்மா கதவைத் திறந்து, வாம்மா, சாப்பிட்டியா என்று கேட்டார். அதுவே எனக்குச் சவுக்கடியாக இருந்தது. ரூபன் நோட்டும் பேனாவுமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். நான் செய்ததைச் சொன்னேன். அவன் டப்பாவைக் கை காட்டினான். இரண்டு மாதச் சீட்டையும் முதலிலிருந்து வாசித்தேன், ஒவ்வொரு ‘ஆனா’வையும், அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு உதையையும். டிராகன் சாகாத சீட்டுக்குச் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தான். பாப்பா தூங்கிய சீட்டைத் திரும்ப வாசிக்கச் சைகை காட்டினான். பெனடிக்ட் அண்ணன் சீட்டை நான் வாசித்து முடித்ததும் கை நீட்டி வாங்கி, அதில் போட்டிருந்த தேதியை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் நோட்டை எடுத்து எழுதி என் பக்கம் திருப்பினான்:

“அன்னிக்கே படிச்சிருந்தா நான் ஒரு வாரம் அழுதிருப்பேன்க்கா. ஒரு வாரம்தான்.”

இப்போதும் சனிக்கிழமை டப்பாவைத் திறந்து வாசிப்பது நான்தான். ஆனால் இன்னும் பழைய உயரத்துக்குப் பாட முடியாத ரூபன், பாராட்டையெல்லாம் விட்டுவிட்டு ‘ஆனா’விலிருந்து ஆரம்பிக்கும்படி எனக்கு உத்தரவு போட்டிருக்கிறான்.